பிசாங் பிசாங்

காஜா பேராங், மலாக்கா
6 மே 1957

அன்புத் தங்கச்சி சந்திரமதிக்கு,

முதலில் செய்தி, பிறகு சுகம் விசாரிப்பு. பின்தெருவில் குடியிருந்த கணபதி சனிக்கிழமை விடியற்காலை ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். உறுதி செய்தவர் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் தேவதாஸ்.

வெள்ளிக்கிழமை இரவு அவர்கள் வீட்டில் மீன் குழம்பு. கணபதியும் மகன் பாலனும் நிறையச் சாப்பிட்டிருக்கிறார்கள். வந்திருந்த மகள் மீனாச்சி இரண்டு துண்டு, அவளுக்கு வாந்தியோடு போயிற்று. பெரியவருக்கு முதலில் உதடு மரத்ததாம். பிறகு நாக்கு, பிறகு கை கால். மூச்சு நிற்கும்வரை நினைவு தப்பவில்லை, பேச முடியாமல் கண்ணாலேயே மகளைத் தேடினார் என்று தேவதாஸ் சொன்னார். எத்தனையோ சாவுச் செய்தி எழுதியிருக்கிறேன். இதை எழுதும்போது பென்சிலை வைத்துவிட்டு வாசலில் போய் நின்றேன். பாலன் இன்னும் வார்டில் கிடக்கிறான்.

குழம்பு வைத்தவள் மருமகள் அஞ்சலை. பல தலைமுறையாக இங்கேயே ஊன்றிவிட்ட காஜா பேராங் செட்டிக் குடும்பத்துப் பெண். மலாய்தான் பேசுவாள், தமிழ் கொஞ்சம் புரியும், வாசிக்க வராது. அவள் மட்டும் சாப்பிடவில்லை. மாரியம்மன் திருவிழாவுக்கு விரதம் இருக்கிறாள். போலீஸ் அவளை அழைத்துப்போய் மாலைவரை வைத்திருந்தது. மீனாச்சி என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: "எங்கப்பா சாப்ட்டாரு, அண்ணன் சாப்ட்டான், நானும் சாப்ட்டேன். அவ மட்டும் கையக் கழுவிட்டு ஓரமா உக்காந்திருந்தா. ஏன்னு கேளுங்க சார்."

மீனைக் கிணற்றடியில் தோலுரித்து வெட்டியது பெரியவர்தான். அங்கே சாக்கடைக் கம்பியில் ஒரு தாடை சிக்கியிருந்தது. இன்ஸ்பெக்டரிடம் காட்டினேன். "மீன் எலும்பு எந்தச் சாக்கடையில்தான் இல்லை?" என்றார். கழுவி, சிகரெட் டின்னில் வைத்து உனக்கு அனுப்புகிறேன். மீனைப் படித்தவள் நீ, என்ன மீன் என்று பார்த்துச் சொல்.

நீ எழுதிய ஞாயிற்றுக்கிழமை மீன் பத்தி நன்றாகப் போகிறது. அடுத்த இரண்டையும் திருத்திப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. சிங்கப்பூரில் உன் சாப்பாடு எப்படி என்று கேட்கிறா.

அன்பு அண்ணன்,
ராஜரத்தினம்


சிங்கப்பூர்
11 மே 1957

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். அம்மாவுக்கு என் வணக்கம். தாடை வந்து சேர்ந்தது. தபால்காரர் டின்னைக் கையை நீட்டித் தூரப் பிடித்துக்கொண்டு வந்தார். இனி மீன் அனுப்பினால் கருவாடாக அனுப்பச் சொன்னார்.

இது பேத்தை, வயிற்றை ஊதிப் பந்தாக்கிக்கொள்கிற மீன். மலாயில் புந்தால். முதல் பார்வைக்குக் கிளி மீனின் அலகு மாதிரித்தான் இருக்கும். ஆனால் கிளி மீனின் அலகில் சின்னச் சின்னப் பற்கள் ஓடு பதித்ததுபோல் நெருங்கியிருக்கும். இதில் அப்படி எதுவுமில்லை. வழவழப்பான தகடு, நடுவில் ஒரு பிளவு. மேலே இரண்டு, கீழே இரண்டு, நாலே பல். இருப்பிடமும் அதையே சொல்கிறது. கிளி மீன் பவளப்பாறையைக் கொறித்து வாழ்வது, கிளேபாங் கரைச் சேற்றில் அதற்கு வேலை இல்லை. பேத்தைக்குச் சேறும் மணலும் போதும். எந்தப் பேத்தை என்று சொல்லத் தோல் வேண்டும்.

நீங்கள் எழுதிய மரப்பு, கடைசிவரை இருந்த நினைவு, இரண்டும் இந்த மீனின் விஷம் செய்கிற வேலை. கொதிக்க வைத்தாலும் போகாது. அந்தப் பெண் எதையும் கலந்திருக்க வேண்டியதில்லை, அண்ணா. இதை இன்ஸ்பெக்டரிடம் சொல்லுங்கள். பேத்தையைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் எழுதி இணைத்திருக்கிறேன். வருகிற ஞாயிறே போட்டுவிடுங்கள்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. மீனவர்கள் பேத்தையை விற்க மாட்டார்கள். பெரியவர் கைக்கு அது எப்படி வந்தது?

உங்கள் தங்கை,
சந்திரமதி


காஜா பேராங்
19 மே 1957

அன்புத் தங்கச்சிக்கு,

எச்சரிக்கை இன்று காலைப் பதிப்பில் வந்துவிட்டது, பார்த்தேன். மற்றச் செய்தி நல்லதில்லை.

பாலன் வீடு திரும்பினான். திரும்பிய அன்றே அஞ்சலையை அவள் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எட்டு மாதக் கைக்குழந்தையை விடவில்லை. மீனாச்சி குழந்தையைப் புக்கிட் ரம்பாயில் உள்ள தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். "விசாரணை முடியட்டும். குத்தமில்லன்னு கோர்ட்டு சொன்னா வந்து தூக்கிட்டுப் போகட்டும்" என்கிறாள். பாலன் பக்கத்தில்தான் நின்றான்.

உன் கேள்விக்குப் பதில் ஓரளவு கிடைத்தது. பெரியவர் ஞாயிறுதோறும் நம் பத்தியை மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்பாராம். ஏப்ரல் 28 பத்தியில் வந்த மீனைத்தான் தேடிப் போயிருக்கிறார். அச்சில் வந்தது இது: "பிசாங்: பவளப்பாறை மீன். வாழைப்பழம்போல் நீண்டு திரண்ட உடல். பக்கத்தில் மஞ்சள் பட்டை. முள் குறைவு, குழம்புக்கு மிகவும் ஏற்றது." இதில் பேத்தை எங்கே வருகிறது? நம் பத்தியில் குறை இல்லை. ஆனால் அதுவே அஞ்சலைக்கு எதிராக நிற்கிறது. இன்ஸ்பெக்டர் பத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, "பெரியவர் வாங்கியது நல்ல மீன் என்று உங்கள் தங்கையே எழுதியிருக்கிறார். அப்படியானால் விஷம் சட்டியில்தானே விழுந்திருக்க வேண்டும்?" என்றார். தாடையை அவர் ஏற்கவில்லை. அதைக் கண்டெடுத்தது நான், போலீஸ் அல்ல.

அம்மா அஞ்சலையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டா. பால் கட்டிக்கொண்டு அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சலாம்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்,
ராஜரத்தினம்


சிங்கப்பூர்
2 ஜூன் 1957

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் அனுப்புகிறேன்.

பெரியவர் மீனவரிடம் என்ன பெயர் சொல்லிக் கேட்டார் என்று விசாரிக்க முடியுமா? பெயரை ஒரு தடவை சொன்னாரா, இரண்டு தடவை சொன்னாரா? இது மட்டும் போதும்.

பத்தியை இனிமேல் நான் எழுதவில்லை. வேலை அதிகம்.

சந்திரமதி


காஜா பேராங்
10 ஜூன் 1957

அன்புத் தங்கச்சிக்கு,

கேட்டபோதெல்லாம் பிசாங் என்று ஒரு தடவைதான். இதை எனக்குச் சொன்னவர் கிளேபாங் கரையில் வலை போடும் பாக் சமாட். அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"அந்தத் தமிழ்க்காரப் பெரியவர் வந்து, பிசாங் இருக்கா என்றார். வாழைப்பழம் வேணும்னா சந்தைக்குப் போங்க பெரியவரே, இது கடல் என்றேன். எல்லாரும் சிரிச்சோம், அவரும்தான் சிரிச்சார். 'இக்கான், இக்கான் பிசாங்' என்றார். மீனா? ஓ, புந்தால் பிசாங்கா என்று கேட்டேன். 'யா, யா, பிசாங்' என்றார். வலையிலிருந்து கழிச்சுப் போட்டது ரெண்டு கிடந்தது. மஞ்சள் பட்டையைத் தடவிப் பார்த்தார். ரொம்பச் சந்தோஷம் அவருக்கு. காசு நீட்டினார், நான் வாங்கவில்லை. தென்னைக்கு எருவாப் புதைக்கக் கேட்கிறார் என்று நினைச்சேன். அதை யார் தின்பாங்க?"

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் கையிலிருந்த வலையூசி மணலில் விழுந்தது. "நான்தான் கொன்னேன்னு சொல்வாங்க. கோர்ட்டுக்கு வரமாட்டேன், என்னைப் பார்த்ததாகச் சொல்லாதீங்க" என்று எழுந்து போய்விட்டார். அவர் வராவிட்டால் இது வெறும் பேச்சு. இன்ஸ்பெக்டருக்குப் பேச்சு போதாது.

ஒரு தடவை, இரண்டு தடவை என்று ஏன் கேட்டாய்? பத்தியை ஏன் நிறுத்தினாய்? ஆசிரியருக்கு என்ன சொல்வது?

எண்ணெய் வந்தது. அம்மாவுக்குக் கொஞ்சம் தேவலை.

அண்ணன்,
ராஜரத்தினம்


காஜா பேராங்
30 ஜூன் 1957

அன்புத் தங்கச்சிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்புக்கு ஏதாவதா என்று அம்மா தினமும் கேட்கிறா. ஒரு வரி எழுது.

மரண விசாரணை ஜூலை 29, திங்கட்கிழமை தொடங்கும் என்று கோர்ட் குமாஸ்தா உறுதி செய்தார். ரசாயனப் பரிசோதகரின் அறிக்கையும் வந்துவிட்டது: தெரிந்த விஷம் எதுவும் காணப்படவில்லை, செடிகொடி விஷம் பற்றி ஒன்றும் சொல்ல இயலாது. இரண்டாவது பாதியைத்தான் இன்ஸ்பெக்டர் பிடித்துக்கொண்டிருக்கிறார். அஞ்சலையின் தாய் வீட்டுக் கொல்லையில் ஊமத்தை இருக்கிறதா என்று ஆள் அனுப்பிப் பார்த்தார். யார் வீட்டுக் கொல்லையில் இல்லை?

நேற்று அஞ்சலை புக்கிட் ரம்பாய்க்கு நடந்தே போய், மீனாச்சி வீட்டு வேலிக்கு வெளியே நின்றுவிட்டு வந்திருக்கிறாள். குழந்தையைக் காட்டவில்லையாம். அழுகிற சத்தம் மட்டும் கேட்டது என்று அம்மாவிடம் சொன்னாள்.

பதில் எழுது.

அண்ணன்,
ராஜரத்தினம்


சிங்கப்பூர்
8 ஜூலை 1957

அன்புள்ள அண்ணாவுக்கு,

நோய் ஒன்றுமில்லை. அம்மாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். மழையில் இங்கே மாடிப்படி முழுக்கப் பாசி, அவ்வளவுதான் புதினம்.

29ஆம் தேதி விசாரணைக்குப் பத்திரிகையிலிருந்து வேறு யாரையாவது அனுப்ப முடியுமா? சுதந்திர விழா ஏற்பாடுகள் பற்றி எழுத உங்களுக்கு நிறைய இருக்குமே. அன்று நீங்கள் அங்கே இல்லாவிட்டால் நல்லது.

சந்திரமதி


காஜா பேராங்
30 ஜூலை 1957

சந்திரமதிக்கு,

நேற்று மலாக்கா கோர்ட்டில் மூன்றாவது சாட்சியாக ஏறியவள் நீ. இதற்கு ஆதாரம் என் கண். உன் பெயரைக் கூப்பிட்டபோது வேறு யாரோ என்று நினைத்துக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

நீ சொன்னதை நான் குறித்துக்கொண்டேன். "பவளப்பாறையில் வாழும் நல்ல மீனின் பெயர் பிசாங் பிசாங். இரண்டு தடவை சொல்ல வேண்டும். சேற்றுக் கடலில் கிடைக்கும் விஷப் பேத்தையின் பெயர் புந்தால் பிசாங். பத்தியில் பிசாங் என்று ஒரு தடவைதான் வந்தது. அதைச் சொல்லிக் கேட்டால் கரையில் பேத்தைதான் கிடைக்கும். பிழை என்னுடையது, நான் அப்படி எழுதிவிட்டேன்."

அந்த இடத்தில் என் பென்சில் நின்றது. நீ அப்படி எழுதவில்லை, சந்திரமதி. உன் தாளில் ஒரு வரியின் கடைசிச் சொல் பிசாங். அடுத்த வரியின் முதல் சொல்லும் பிசாங். வரி மாறும்போது கை தவறி இரண்டாம் முறை எழுதிவிட்டாய் என்று நினைத்து ஒன்றை அடித்தேன். நானே அடித்தேன். அச்சுக்குப் போகும் தாளில் இரட்டைச் சொல்லைக் கண்டால் என் கை யோசிப்பதே இல்லை. அதற்குக் கீழே, "தெளிந்த நீரில், பாறைச் சரிவை ஒட்டிக் கூட்டமாகத் திரியும், மலாக்காக் கரையோரச் சேற்றுக் கடலில் கிடைக்காது" என்று ஒரு வாக்கியம் இருந்தது. பத்தி நீளமாகிறது என்று அதையும் எடுத்தேன். அதை விட்டிருந்தாலும் பெரியவர் கிளேபாங்குக்குப் போயிருக்க மாட்டார்.

நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை.

பிறகு நடந்தது உனக்கே தெரியும். மாஜிஸ்திரேட் கேட்டார்: "நீங்கள் மீனைப் பற்றியே படித்தவர். இந்தப் பெயர் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிந்தும் எப்படிப் பாதியை விட்டீர்கள்?"

பிழை என்னுடையது என்று மறுபடி அதையே சொன்னாய். இன்ஸ்பெக்டர் எழுந்து, "சாட்சி யாரையோ காப்பாற்றப் பார்க்கிறார். இவருக்கும் அஞ்சலைக்கும் என்ன பழக்கம் என்று விசாரிக்க வேண்டும்" என்றார். காப்பாற்றுவது சரி, ஆள்தான் தவறு. விசாரணையை ஆகஸ்ட் 26க்கு ஒத்திவைத்தார்கள். அஞ்சலையின் நிலை முன்னைவிட மோசம். படித்த பெண்ணுக்கு ஏதோ கொடுத்துப் பொய் சொல்ல வைத்துவிட்டாள் என்று வெளியே மீனாச்சி சத்தம் போட்டாள்.

நான் வெளியே வருவதற்குள் நீ பஸ் ஏறிவிட்டாய். அம்மாவைக்கூடப் பார்க்காமல். நீ வந்ததை அவவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

ராஜரத்தினம்


சிங்கப்பூர்
6 ஆகஸ்ட் 1957

அண்ணா,

உங்கள் சுகத்தைக் கேட்டு எழுதத் தொடங்கி இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன்.

உங்கள் மே மாதக் கடிதத்தில் அச்சில் வந்த வரிகளை அப்படியே எழுதியிருந்தீர்கள். அதுவரை நான் அந்த ஞாயிற்றுப் பதிப்பைப் பிரித்துப் பார்க்கவில்லை. பார்த்ததும் தெரிந்துவிட்டது. "நம் பத்தியில் குறை இல்லை" என்றும் நீங்களே எழுதியிருந்தீர்கள். எனக்கு வந்த கோபத்தில் உங்களுக்கு ஒரு வரிகூட எழுத முடியவில்லை. பிறகு கோபம் போய்ப் பயம் வந்தது. உங்களுக்குத் தெரிந்தால் என்ன ஆகும், அம்மா உங்களோடு இருக்கிறா, வேலை போனால் என்ன ஆகும். பத்திக்கு மேலே அச்சில் இருந்தது என் பெயர்தானே, நானே ஏற்றால் முடிந்தது என்று நினைத்தேன். யார் கை தவறினால் என்ன, அஞ்சலை தப்பினால் போதும் என்று. அப்படி ஒரு தவறை நான் செய்வேன் என்று யாரும் நம்ப மாட்டார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவளைக் காப்பாற்றப் போய் நானே இன்னும் உள்ளே இழுத்துவிட்டேன்.

இங்கே மேலதிகாரி விளக்கம் கேட்டிருக்கிறார். அது என் பாடு.

26ஆம் தேதி இன்னது செய்யுங்கள் என்று உங்களிடம் நான் கேட்கமாட்டேன். கோர்ட் வராந்தாவில் அஞ்சலை எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் யார் என்று அப்போது அவளுக்குத் தெரியாது. குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதாம், யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டாளாம். மேலேயா கீழேயா என்று தெரியவில்லை என்றாள்.

சந்திரமதி


காஜா பேராங்
27 ஆகஸ்ட் 1957

அன்புத் தங்கச்சி சந்திரமதிக்கு,

நேற்றுக் காலை நான் சாட்சி சொன்னேன். ஆதாரம் நானே.

இரண்டு வரியில் உன் எழுத்து எப்படி இருந்தது, எந்தச் சொல்லை அடித்தேன், எந்த வாக்கியத்தை எடுத்தேன் என்று சொன்னேன். "உங்கள் தங்கை ஏன் தன் மேல் போட்டுக்கொண்டார்?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார். "நான் அவளுக்கு அண்ணன்" என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் கேள்வி கேட்க எழுந்து, தன் தாளைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அதற்கு முந்தைய நாளே பாக் சமாட்டிடம் போய், பழி பத்திரிகையின் மேல் போகும், உங்கள் மேல் அல்ல, நான் முதலில் ஏறுகிறேன் என்று சொல்லியிருந்தேன். வெள்ளைச் சட்டை போட்டு, மகனோடு வந்தார். நான் இறங்கியபின் அவர் ஏறினார். புந்தால் பிசாங்கா என்று தான் கேட்டதையும், பெரியவர் சொன்ன பதிலையும் சொன்னார். கோர்ட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை.

வெளியே வந்து அஞ்சலையிடம் நானே சொன்னேன். அடித்திருந்தால்கூட நின்றிருப்பேன். "சத்து பெர்காத்தாஆன் சாஜா?" என்றாள். ஒரே ஒரு சொல்தானா என்று. ஆமாம் என்றேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். கல்லில் ஏதாவது இருந்ததோ, உப்பில் ஏதாவது விழுந்ததோ, தன் கையிலேயே ஏதாவது ஒட்டியிருந்ததோ என்று இத்தனை மாதமும் அம்மியையும் கையையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாளாம். கையைக் காட்டினாள். விரல் இடுக்கெல்லாம் வெந்துபோய்க் கிடக்கிறது. அவளும் தன்னைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறாள், தங்கச்சி. அதை நாங்கள் யாரும் கேட்கவில்லை.

பாலன் தூணோரம் நின்று இதைப் பார்த்தான். கிட்டே வந்து அவள் கையைப் பிடித்துப் பார்த்தான்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என்னோடு பேச்சில்லை. உனக்குப் பலகாரம் சுடுகிறா. உன் மேலதிகாரிக்கு நான் தனியாக எழுதியிருக்கிறேன். கோர்ட்டில் சொன்னதையே எழுதினேன். ஞாயிற்றுப் பதிப்பில் திருத்தமும் வருகிறது, என் பெயரோடு.

முடிவாகாமல் இருப்பவை இவை. என் வேலை பற்றி ஆசிரியர் இந்த மாதக் கடைசிக்குள் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். மாஜிஸ்திரேட் தன் முடிவைச் செப்டம்பர் 4, புதன்கிழமை காலை பத்து மணிக்கு வாசிப்பார். சுதந்திர நாள் விடுமுறை நடுவில் வருவதால் அதற்கு முன் இல்லை என்று குமாஸ்தா சொன்னார். அன்று குழந்தையைக் கோர்ட்டுக்குக் கொண்டுவருவதாகப் பாலன் என்னிடம் சொன்னான். மீனாச்சியிடம் கேட்டேன். "பாக்கலாம் சார்" என்றாள். குழந்தை வருமா என்று புதன்கிழமை காலைதான் தெரியும்.

அன்பு அண்ணன்,
ராஜரத்தினம்